ஓடுற தண்ணியில இருபது நிமிஷம்

வெந்நீர்ப் பையில் காற்றை அமுக்கி வெளியேற்றாமல் கொதிக்கும் தண்ணீரை ஊற்றினால் பை திருப்பித் துப்பும். மருமகளுக்கு இது தெரியாததல்ல. ஆனால் அன்று காலை அவள் கை அடுப்படியில் இருந்ததே தவிர மனம் அங்கே இல்லை. படுக்கையில் இருக்கும் அத்தையைப் பார்த்துக்கொள்ளும் வேலை கேட்டு வந்திருந்த அக்காவுக்கு, அவர் அறைக்குள் போகும் முன்பு எது எதைச் செய்யக் கூடாது என்று சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"கட்டில்ல உக்காராதீங்க. தலைகாணியத் தட்டாதீங்க. நாடி பாக்கச் சொன்னா கட்டைவிரல வைக்காதீங்க அக்கா, போன தடவை வந்தவங்க அதுலதான்..."

பை துப்பியது. இடது கையில், கட்டைவிரலின் அடியிலிருந்து மணிக்கட்டு வரை கொதிநீர் வழிந்தது.

அவள் கத்தவில்லை. கத்தினால் பக்கத்து அறைக்குக் கேட்கும். பல்லைக் கடித்துக்கொண்டு நின்ற அந்த நொடியில் அக்கா குளியலறைக்கு ஓடி, பற்பசையோடு திரும்பி வந்து, சிவந்த தோலின் மேல் ஒரு விரல் கனத்துக்கு இழுகிவிட்டாள்.

"எங்க வீட்ல எப்பவும் இதான் கண்ணு. குளுகுளுன்னு இருக்கும்."

மருமகள் வெள்ளைப் பூச்சைப் பார்த்தாள். கை எரிச்சலைவிட இது பெரிய எரிச்சலாக இருந்தது.

அத்தை ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். குடியிருப்பு முழுக்க இன்னமும் அவர் 'ஹெட் சிஸ்டர்'தான். குளியலறையில் வழுக்கி இடுப்பு முறிந்து படுத்து இரண்டு வருஷமாகிறது. "அம்மாவுக்கு இடுப்புக்குக் கீழதான் ஓய்வு, மேல இன்னும் டியூட்டி" என்பான் மகன். அவன் லாரி ஓட்டுகிறவன். வாரத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டான் என்பதால் இந்த நகைச்சுவை அவனுக்குக் கட்டுபடியாகும். மருமகள் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துப் பொருத்தும் வேலையை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தவள். கடை முதலாளி இப்போது மறுபடி கூப்பிட்டிருந்தார். திங்கட்கிழமை வரவில்லையென்றால் வேறு ஆள் போட்டுவிடுவார். அத்தைக்குப் பிடித்தமாதிரி ஒரு ஆள் கிடைத்தால் போகலாம். இதுவரை வந்த மூன்று பேரையும் அத்தை அரை மணிக்குள் திருப்பி அனுப்பிவிட்டார். நாளை மறுநாள் திங்கட்கிழமை.

அவள் குழாயைத் திறந்து கையை நீட்டினாள். பற்பசை கரைந்து ஓடியது.

"என்ன சத்தம் அங்க?" உள்ளேயிருந்து குரல் வந்தது. படுத்திருப்பவரின் குரல் அல்ல அது, வார்டு முழுக்கக் கேட்கும் குரல்.

"கையில லேசா சுடுதண்ணி பட்டுடுச்சு அத்தை."

"வளையல கழட்டினியா? வீங்கிட்டா வெட்டித்தான் எடுக்கணும்."

"கழட்டிட்டேன்" என்று சொல்லிக்கொண்டே கழற்றினாள்.

"ஓடுற தண்ணியில இருபது நிமிஷம். நான் கடிகாரத்தப் பாத்துக்கிட்டிருக்கேன். புதுசா வந்தவள உள்ள அனுப்பு."

மருமகள் அக்காவின் காதருகே குனிந்தாள். "கேட்டா தண்ணிதான்னு சொல்லுங்க. பேஸ்ட், வெண்ணெய், ஐஸ் எதுவும் கூடாதுன்னு சொல்லுங்க. கொப்புளம் வந்தா உடைக்கக் கூடாது. நீங்கதான் குழாய்ல கையப் புடிக்கச் சொன்னீங்க. சரியா?"

"பொய்யா கண்ணு?"

"அக்கா, உங்கள கும்பிட்டுக் கேக்கறேன்."

அக்கா போனாள். மருமகள் குழாயடியில் தனியாக நின்றாள். கூடப் போய் நின்று ஒரு வார்த்தை எடுத்துக் கொடுக்க முடியாது. கையை எடுத்தால் தண்ணீர் விழும் ஓசை மாறும். அத்தையின் காது அதைக் கண்டுபிடித்துவிடும். தொட்டிக்கு மேலே ஜன்னல், அதற்கு அப்பால் எதிர் கட்டடத்தின் சுவர். பாத்திரம் தேய்க்கும்போதெல்லாம் பார்க்கிற சுவர்தான்.

"தோல் சுட்டா முதல்ல என்ன செய்வே?" அத்தை கேட்பது அடுப்படி வரை கேட்டது.

"தண்ணிங்கம்மா. ஓடுற தண்ணி."

"ஐஸ் வச்சா?"

"கூடாதுங்கம்மா. கொப்புளத்த உடைக்கவும் கூடாது."

"நான் அத இன்னும் கேக்கவே இல்லையே."

மருமகள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"இங்க வா. கையக் காட்டு." மூச்சை இழுத்து மோந்து பார்க்கும் சத்தம் கேட்டது. "பல்லு வெளக்கிட்டு வந்தியா, கையால?"

"இல்லைங்கம்மா." அக்காவின் குரல் இறங்கிவிட்டது. "நான்தான் பேஸ்ட்டத் தடவிட்டேன். அந்தப் பொண்ணு கழுவிடுச்சு. தண்ணின்னு சொல்லச் சொன்னதும் அதுதான். எனக்குப் பொய் வர மாட்டேங்குதும்மா, சின்ன வயசுலேருந்தே இந்தக் கஷ்டம்."

முடிந்தது என்று நினைத்தாள் மருமகள். அப்போது அத்தை சிரித்தார். இருமலும் சிரிப்புமாக அவர் குலுங்கியதில் கட்டில் கிரீச்சிட்டது.

"பேஸ்ட்ட மறக்கடிச்சிடலாம். பொய் பேசறவளத்தான் ஒண்ணும் பண்ண முடியாது. திங்கக்கிழமை வந்துடு."

மிச்ச நேரமும் மருமகள் கையைத் தண்ணீரிலேயே வைத்திருந்தாள். மறு கையால் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். கடையின் தேய்க்கும் சக்கரம், அதன் ஈரமான சீறல், கண்ணாடி விளிம்பு விரலுக்கடியில் வழவழப்பாகும் அந்தக் கணம் எல்லாம் ஒரேயடியாக நினைவுக்கு வந்தன.

"இருபது ஆச்சு. வா, கட்டுப் போடணும்" என்றார் அத்தை. "அந்தக் கட்டுத் துணி டப்பாவ எடுத்துக்கிட்டு வா."

கட்டிலோரம் ஸ்டூலில் உட்கார்ந்து கையை நீட்டினாள். சிவப்புதான், ஓரத்தில் கடலை அளவு ஒரு கொப்புளம். அத்தை கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சுத்தமான துணியை வலிக்காமல் வைத்தார். அதற்கு மேல் தளர்வாக ஒரு சுற்று போதும்.

"நல்ல பொம்பள அவ" என்றார் அத்தை, சுற்றிக்கொண்டே. "ஆனா ஒண்ணுந் தெரியாது. நீ கூட இருந்து பழக்கணும். ஒரு ரெண்டு மூணு மாசம்."

"அத்தை, திங்கக்கிழமை நான் கடைக்கு..."

"இந்தக் கையோடயா?"

இரண்டாவது சுற்று வந்தது. மூன்றாவது. கட்டுத் துணி மணிக்கட்டைத் தாண்டி உள்ளங்கைக்கு ஏறி, சூடே படாத விரல்களைச் சேர்த்து வளைத்தது. இத்தனை பெரிய கட்டு இந்தப் புண்ணுக்குத் தேவையில்லை என்று மருமகளுக்குத் தெரியும். அவளுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவரே அத்தைதான்.

"சின்னப் புண்ணுதானேம்மா, இவ்ளோ பெரிய கட்டா?" என்றாள் அக்கா, வாசற்படியில் நின்று.

அத்தை குனிந்த தலை நிமிராமல் அடுத்த சுற்றைச் சுற்றினார்.

"கட்டைவிரலையாவது விட்டுடுங்க அத்தை. லென்ஸப் பிடிக்கணும்."

துணி நின்றது. "அவ தூக்கும்போது நான் விழுந்துட்டா?" என்றார் அத்தை, மிக மெதுவாக. வார்டுக் குரல் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. பிறகு துணி கட்டைவிரலின் மேலும் ஒரு சுற்று வந்து, முனை உள்ளே செருகப்பட்டது.

நினைத்திருந்தால் மருமகள் கையை உருவியிருக்கலாம். அத்தையின் பிடியில் ஒரு பூனைக்குட்டியை நிறுத்தும் பலம்கூட இல்லை.

"அப்ப நான் திங்கக்கிழமை எத்தன மணிக்கு வரணும் கண்ணு?" என்றாள் அக்கா.

மருமகள் தன் மடியில் கிடந்த வெள்ளைப் பொட்டலத்தைப் பார்த்தாள்.

"காலையில எட்டு மணிக்கு வாங்க அக்கா," என்றாள். "நானும் இருப்பேன்."