சாயத்தில் தெரியாத தண்ணீர்

இந்தக் காலத்தில் ஒருத்தனும் கேட்ட கேள்விக்கு வாயால் பதில் சொல்வதில்லை. போனை எடுத்து மூஞ்சிக்கு நேரே நீட்டுகிறான். பிரதேச சபையிலிருந்து வந்த சுமனும் அதைத்தான் செய்தான்.

எங்கள் தோட்டத்து லய வீடுகளுக்கும் பஜாருக்கும் தண்ணீர் வருவது ரோட்டுக்கு மேலே உள்ள சபைக் கிணற்றிலிருந்து. அதற்கும் மேலே ஒரு மெஷின் பட்டறை. இரும்புச் சாமான்களில் எண்ணெய்ப் பிசுக்குப் போகக் கழுவுகிற மருந்தை வருஷக்கணக்காகப் பின்பக்க மண்ணில் ஊற்றியிருக்கிறார்கள். அது கிணற்றுக்கு இறங்கிவிட்டது. வாசமில்லை, நிறமில்லை.

எங்கள் ஆட்களுக்குத் தண்ணீரைச் சோதிக்க ஒரே வழிதான். தேத்தண்ணி போட்டுப் பார்ப்பது. தண்ணீர் கெட்டிருந்தால் சாயம் கறுக்கும், மேலே ஏடு படியும். நல்ல தண்ணீர் என்றால் சிவப்பாகக் கண்ணாடி மாதிரி இறங்கும். அந்தக் கிணற்றுத் தண்ணீரில் சாயம் அருமையாக இறங்கியது. லயமே குடித்தது. என் மருமகள் சுலக்ஷனாவும் குடித்தாள். போன வருஷம் அவளுக்கு ஐந்தாம் மாதத்தில் கரு கலைந்தது. தண்ணீராலா என்று ஆஸ்பத்திரியில் கேட்டேன். சொல்ல முடியாது என்றார்கள். இல்லை என்றும் சொல்லவில்லை.

பிறகுதான் கிணற்றைப் பூட்டினார்கள். பவுசர் லொறியில் தண்ணீர் வந்தது. கிணற்றடியில் இரண்டு பெரிய இரும்பு உருளைகளை நட்டு, உள்ளே கரியைக் கொட்டி, அதன் வழியே தண்ணீரை விட்டார்கள். பட்டறைக்காரன் பூட்டிவிட்டு வேறு டவுனுக்குப் போய்விட்டான். அவனை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

இன்று கிணற்றைத் திறந்தார்கள். மாலை, சாம்பிராணி, பேச்சு எல்லாம் உண்டு. நாளையிலிருந்து பவுசர் வராது. மலையிலிருந்து விழுகிற பீலித் தண்ணீரும் வெயிலில் வற்றிவிட்டது. சுலக்ஷனாவுக்கு மறுபடியும் ஐந்து மாதம்.

"பாருங்க தாத்தா, ரிப்போட்டு. சுத்தமா இருக்கு." சுமன் போனை நீட்டினான்.

"எனக்கு வாசிக்கத் தெரியாது தம்பி. வாயால சொல்லு. மேல மண்ணுல ஊத்துனானே, அத அள்ளிட்டீங்களா?"

"அது ஆழத்துல இருக்கு தாத்தா. அள்ள ஏலாது. வர்றத கரி புடிச்சிரும்."

"கரி நெறைஞ்சா?"

"சபையில மாத்துவாங்க."

"பஜார் லைட்டு பீஸாகி மாசக்கணக்கா தொங்குது. அதே சபையா?"

பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் நாகலெட்சுமி சிரித்தாள். "அவர விடுங்க ஐயா. கல்யாணத்துக்குப் போனாலும் தாலிய ஒரசிப் பாக்குற ஆளு."

கூடியிருந்தவர்களுக்கு அந்தத் தண்ணீரிலேயே தேத்தண்ணி கொடுத்தார்கள். நான் கிளாஸை வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்த்தேன். சிவப்பு. கண்ணாடி மாதிரி.

"நல்லா எறங்கியிருக்குல்ல தாத்தா?"

"போன வருஷமும் இப்புடித்தான் எறங்குச்சு."

சுமன் முகம் சுருங்கியது. "சாயத்த வச்சு இதக் கண்டுபுடிக்க முடியாது தாத்தா."

"ஒரு புள்ள போன பொறகுதான் அது எங்களுக்குத் தெரிஞ்சிச்சு. இனி எத வச்சுப் பாக்குறது? அதச் சொல்லு."

மறுபடி போனைத் தூக்கினான். பிறகு சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

சுலக்ஷனா குழாயடியில் குடத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள்.

"நல்லா கொதிக்க வச்சுக் குடிக்கிறேன் மாமா."

"கொதிக்க வச்சா ஆவியில ஏறி மூச்சுக்குள்ள போகும்னு இந்தச் சபைக்காரங்கதானே புள்ள சொன்னாங்க."

"அப்ப என்னத்தக் குடிக்க? நீங்களே சொல்லுங்க."

கடைப் போத்தலை ஒரு நாளைக்கு வாங்கலாம். பிரசவம் வரைக்கும் யாரால் முடியும்? கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாதவர்களில் நானும் ஒருத்தன் ஆனேன்.

தேத்தண்ணியை வேலியோரம் கொட்டினேன். அவள் குனிந்து குடத்தைத் தூக்கப் போனாள். வயிற்றுப் பிள்ளைக்காரி தூக்குகிற பாரமா அது? குடத்தை வாங்கி என் தோளில் வைத்துக்கொண்டேன். சுத்தம் என்கிறார்கள். இருக்கலாம். நான் நம்பவில்லை. தண்ணீர் தளும்பிக் கழுத்தில் வழிய, லயத்தைப் பார்த்து நடந்தேன்.