இருநூற்று நாற்பதில் வருகிறவள்

காரை நிறுத்துவது பிரேக் அல்ல, எதிரே காத்திருக்கும் ஆள். பிரேக்கை மிதித்தால் இறங்கப் போகிறோம் என்று காருக்குத் தகவல் போகும். அதன் வேலை அவ்வளவுதான். தன்னை எதிர்பார்த்து யாரோ நிற்கிறார்கள் என்று தெரிந்தால் கார் நிற்கும், இல்லாவிட்டால் போய்க்கொண்டே இருக்கும். ஆளில்லாத நிறுத்தத்தில் பஸ் நிற்காமல் போவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோமே.

ஊருக்குள் இதனால் பெரிய தொல்லை கிடையாது. நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டிக்கு, வடையைச் சுட்டு அடுக்கிவிட்டு ரோட்டையே பார்க்கிற டீக்கடைக்காரர் போதும். நூறைத் தாண்டினால் சொந்தக்காரர் யாராவது நிற்க வேண்டும். இருநூறுக்கு மேல் எப்படிப்பட்ட ஆள் வேண்டும் என்பது மட்டும் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. அதைக் கண்டுபிடிக்கிற பொறுப்பு கோயம்புத்தூர் நாச்சிமுத்துவின் தலையில் விழுந்தது.

விழ வைத்தது அவர் மனைவி பூங்கோதை. அவள் கார் பந்தயம் ஓட்டுகிறவள். பல்லடத்துக்கு அப்பால், விமானம் வராமல் கிடக்கிற ஓடுதளம் ஒன்றில் ஞாயிற்றுக்கிழமை போட்டி. விதி எளிமையானது: கார் இருநூற்று நாற்பதைத் தொட வேண்டும், தொட்டபின் வெள்ளைக் கோட்டுக்குள் நிற்க வேண்டும். கோட்டுக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் மணல், மணலுக்கு அந்தப் பக்கம் பெரிய பாறைக்குழி. குழிக்கும் போட்டிக்கும் சம்பந்தமில்லை. அது பாட்டுக்கு அங்கே இருந்தது.

நாச்சிமுத்து பிரேக் இன்ஜினியர். செய்ய வேண்டியதையெல்லாம் செய்து பார்த்துவிட்டார். பெரிய டிஸ்க் போட்டார், அதற்குக் காற்று போக வழி வைத்தார், எவ்வளவு சூட்டுக்கும் கொதிக்காத பிரேக் ஆயில் வாங்கி ஊற்றினார். இப்போது காருக்குத் தகவல் தெள்ளத் தெளிவாகப் போனது. கார் கேட்டுக்கொண்டதே தவிர நிற்கவில்லை.

முதலில் பக்கத்து வீட்டு சரசாளை அழைத்துப் போய் நிறுத்தினார். கேஸ் சிலிண்டருக்காக வாசலிலேயே தவம் கிடக்கிறவள். சொந்தக்காரி இல்லாவிட்டாலும், காத்திருப்பதில் அந்தத் தெருவில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. நூற்று எண்பதில் வந்த கார் அவள் முன்னால் பூப்போல நின்றது. சரசாள் குனிந்து பின்சீட்டைப் பார்த்தாள்.

"சிலிண்டர் எங்க அம்மணி?"

அதோடு சரி. அடுத்த ஓட்டத்தில் கார் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு தரம் ஏமாந்த எதிர்பார்ப்பு பிரேக்குக்கு ஆகாது என்று நாச்சிமுத்துவுக்குப் புரிந்தது. புதிதாக ஒன்று தெரிந்ததில் அவருக்கு உள்ளூர சந்தோஷம்தான்.

அடுத்து காங்கேயத்திலிருந்து பூங்கோதையின் சொந்தபந்தங்களை வேன் வைத்து இறக்கினார். ஆள் கூடினால் எதிர்பார்ப்பும் கூடும் என்று கணக்குப் போட்டார். நல்லவேளையாக அன்றைக்குக் குழி இல்லாத மறுபக்கமாக ஓட்டச் சொல்லியிருந்தார். தூரத்தில் கார் தெரிந்ததும் அத்தனை பேரும் கைகூப்பிக்கொண்டு, "மெதுவா வாங்க, ஒண்ணும் அவசரமில்லீங்க!" என்றார்கள். விருந்தாளியிடம் வேறெப்படிச் சொல்வார்கள்? காருக்கும் மரியாதை தெரியும். சொன்னபடி, நிற்பதில் அது எந்த அவசரமும் காட்டவில்லை. அவர்கள் இரண்டு பக்கமும் விலகி நின்று சிரித்த முகமாகப் பார்த்துக்கொண்டிருக்க, அவர்களைக் கடந்து சோளக்காட்டுக்குள் போனது. அங்கே காட்டுக்காரர் சோளத்தட்டு அறுக்க ஆள் வரும் என்று எதிர்பார்த்துக்கொண்டிருந்தார். கார் அவரிடம் போய் நின்றது. அவர் பூங்கோதையிடம் அரிவாளை நீட்டினார். அவள் கொஞ்ச நேரம் அறுத்துக் கொடுத்துவிட்டுத்தான் திரும்பி வர முடிந்தது.

இனி மிச்சமிருந்தது நாச்சிமுத்துதான். கட்டிய புருஷனை விடவா ஒருவர் எதிர்பார்த்துவிடப் போகிறார்? நம்பிக்கையோடு, இந்தத் தடவை போட்டி நடக்கப்போகும் திசையிலேயே, வெள்ளைக் கோட்டின் மேல் போய் நின்றார். கார் இருநூற்று நாற்பதில் வந்தது. பூங்கோதை பிரேக்கை மிதிப்பது தெரிந்தது. கார் அவரை ஒரு மைல்கல்லைக் கடப்பதுபோலக் கடந்து, மணலையும் தாண்டி, முன்சக்கரம் இரண்டும் குழிக்கு மேலே தொங்க நின்றது. குழியோரத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர், யாராவது வந்தால் தீப்பெட்டி கேட்கலாம் என்று காத்திருந்திருக்கிறார். சின்ன எதிர்பார்ப்புதான், ஆனால் அதில் கலப்படம் இல்லை.

பூங்கோதை தீப்பெட்டி இல்லை என்று அவரிடம் வருத்தம் சொல்லிவிட்டு நடந்து வந்தாள்.

"ஏனுங்க, நீங்க என்னைய எதிர்பாக்கவே இல்லீங்களா?"

"கண்ணு வலிக்கப் பாத்துட்டு நின்னேனே அம்மணி."

"பாத்தீங்க. வருவேன்னு பாக்கலீங்க. குழிக்குள்ள போயிருவேன்னு பாத்தீங்க. காருக்கு அது தெரியாதுங்களா?"

நாச்சிமுத்துவுக்குச் சுருக்கென்றது. ஆனால் அவள் சொன்னது சரிதான். அவள் வரத் தாமதமானால் அவர் ஒவ்வொரு ஆஸ்பத்திரியாகப் போன் போடுவார். வந்துவிடுவாள் என்று அவளுக்கு ஒரு சாப்பாட்டுத் தட்டை எடுத்து வைத்ததில்லை. அதைத்தான் இத்தனை வருஷமும் அன்பு என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

"ஞாயித்துக்கிழமை வேண்டாமே பூங்கோதை. வேற ஒரு தடவை பாத்துக்கலாம்."

"நான் ஓட்டத்தானுங்க போறேன். நிக்கறது உங்க கையில இருக்குது."

அவள் அதைக் கோபமில்லாமல் சொன்னாள். அதனால் அவருக்கு இன்னும் பயமாக இருந்தது. அந்தப் பயம் எத்தனை அடி பிரேக்கைத் தின்னும் என்பதும் அவருக்குத் தெரிந்துவிட்டது.

இன்ஜினியர் என்பதால் சின்னதிலிருந்து ஆரம்பித்தார். பாலுக்கு உறை ஊற்றிவிட்டு, பாத்திரத்துக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். தயிருக்காகக் காத்திருக்கையில் பயமே வரவில்லை. கெட்டியாக உறைந்திருக்குமா, புளித்திருக்குமா என்று அறியத்தான் ஆசையாக இருந்தது. பிறகு மழைக்குக் காத்திருந்து பார்த்தார். அதிலும் அதே ஆசை: எந்த மூலையிலிருந்து வரும், முதலில் எந்த வீட்டுத் தகரம் சத்தம் போடும்? எதிர்பார்ப்பைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பது தெரிந்துகொள்ளும் ஆசைதான் என்று அவருக்குப் பட்டது.

அப்படியானால் பூங்கோதையிடம் அவர் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டது என்ன? யோசித்துப் பார்த்தார். கல்யாணமானதிலிருந்து, "பத்திரமா வந்தியா?" என்பதைத் தவிர அவளிடம் எதையும் கேட்டதாக ஞாபகமில்லை. வெட்கமாக இருந்தது.

யோசிக்க யோசிக்கக் கேள்விகள் முளைத்தன. இருநூற்று நாற்பதில் காதில் என்ன கேட்கும்? வாய்க்குள் ஏதாவது பாட்டு ஓடுமா? வானம் கிட்டே வருமா, தள்ளிப் போகுமா? இப்போதே கேட்டால் எதிர்பார்ப்பு தீர்ந்துவிடும் என்பதால் வாயை இறுக்க மூடிக்கொண்டார். சாப்பிடும்போது கன்னம் உப்பி உட்கார்ந்திருந்தவரைப் பூங்கோதை பார்த்தாள். இன்னொரு தோசையை வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை வெயிலில், ஒரு கையில் வாக்கி டாக்கியும் மறுகையில் தண்ணீர் பாட்டிலுமாக வெள்ளைக் கோட்டில் நின்றார் நாச்சிமுத்து. முதுகுக்குப் பின்னால் பாறைக்குழி இருந்ததே அவருக்கு மறந்துபோயிருந்தது. எதை முதலில் கேட்பது என்பதுதான் அவருடைய ஒரே கவலை. காதில் தொடங்கலாமா, பாட்டில் தொடங்கலாமா?

காதிலேயே தொடங்கலாம் என்று அவர் முடிவு செய்தபோது, காரின் முன்பக்கம் அவர் முழங்காலை மெல்லத் தொட்டு நின்றது. டயர் சுடக்கூட இல்லை. பூங்கோதை இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, அவர் கையிலிருந்த தண்ணீரை வாங்கினாள்.

"காதுல என்ன கேக்குது அம்மணி?"

அவள் ஒரு மடக்குக் குடித்துவிட்டு யோசித்தாள். இப்படி ஒரு கேள்விக்குக் காத்திருந்தவள்போல அவள் முகம் மலர்ந்தது.

"ஒண்ணுமே கேக்காதுங்க. நம்ம ஊட்டுக் குக்கரு விசில் அடிக்கறதுக்கு முன்னால சித்தே கம்முனு இருக்குமில்லீங்களா, அதுமாதிரிங்க."

வாக்கி டாக்கி கரகரத்தது. ஓடுதளத்தின் அந்தக் கோடியிலிருந்து பூங்கோதையின் குரல் வந்தது.

"ஏனுங்க, பெல்ட்டு போட்டாச்சுங்க. இன்னும் கொடி ஆட்டலை. எனக்கு இன்னிக்குக் கொஞ்சம் பயமா இருக்குதுங்க."

நாச்சிமுத்து நிமிர்ந்து பார்த்தார். புறப்படும் இடத்தில் சிவப்பாக அவள் கார் தெரிந்தது. இங்கே, அவருக்குப் பக்கத்திலும் பூங்கோதை மிச்சத் தண்ணீரை முகத்தில் விட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள். அவர் பொத்தானை அழுத்தினார்.

"பயப்படாமக் கெளம்பு அம்மணி. நல்லபடியா வந்து சேந்துட்டே."