கழுகு பார்க்காத படம்

காலை பத்து மணிக்கு மாடிப்படி வரைபடத்தை மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு, என் கணவர் கைகளைத் தலைக்குப் பின்னால் கோத்துக்கொண்டு சாய்ந்தார். சாப்பாட்டு மேசையில் பாதி அவருக்கு, பாதி என் தையல் இயந்திரத்துக்கு. ஐம்பத்து நாலு வயதில் ஆட்குறைப்பில் வேலை போனவருக்கு நான் விட்டுக்கொடுத்த பாதி அது. இருபது வருஷமாக வீட்டிலிருந்தே தைத்துக் கொடுக்கிறேன். அதை யாரும் சுயதொழில் என்று சொன்னதில்லை. மூன்று மாதம் சுவரை வெறித்துவிட்டு, ஒரு கட்டட ஒப்பந்தக்காரரிடம் மரத்தாலான மாடிப்படி வரையும் வேலையை இவர் வாங்கி வந்த அன்றே பெயர் அட்டை அச்சாகிவிட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. இது பிடித்துப்போனால் இன்னும் மூன்று வீடுகள் தருவதாக ஒப்பந்தக்காரர் சொல்லியிருந்தார்.

மதியம் பாதிச் சாப்பாட்டில் அவர் கை நின்றது.

"படம் இன்னும் திரும்பி வரலையேன்னு பாத்துட்டிருந்தேன். கழுகுகிட்ட போயிருக்குன்னே நெனச்சுட்டேன்."

கழுகு என்பது பழைய அலுவலகத்தில் சரிபார்ப்பவரின் பட்டப்பெயர். அங்கே இவர் வரைந்த எதுவும் நேராக வெளியே போனதில்லை. அனுப்பினால் கழுகின் மேசைக்குப் போகும்; சிவப்புக் குறிகளோடு திரும்பும்; இவர் கறுவிக்கொண்டே திருத்துவார். இருபத்தாறு வருஷப் பழக்கம் விரலில் ஊறிவிட்டது. கழுகின் வேலை போகவில்லை, அவர் இன்னும் அங்கேதான் இருக்கிறார். படமோ யாரும் பார்க்காமல் நேராக ஒப்பந்தக்காரரிடம் போய்விட்டது.

கையைக் கழுவிவிட்டு வந்து அச்செடுத்தார். அவர் ஒவ்வோர் அளவாக வாசிக்க, நான் பென்சிலால் குறித்துக்கொண்டே வந்தேன். படிகள் பதினேழு, ஒவ்வொன்றின் உயரம் நூற்று எழுபத்தைந்து மில்லிமீட்டர். துணி வெட்டுகிறவளுக்கு மொத்தத்தைக் கூட்டிப் பார்க்காமல் இருக்க முடியாது. கூட்டினேன்; இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தைந்து வந்தது. படத்தில் மேல்தளம் மூவாயிரத்தில் இருந்தது.

"இருபத்தஞ்சு மில்லி இடிக்குதே" என்றேன்.

அவர் காகிதத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தார். கடைசிப் படி மட்டும் ஓர் அங்குலம் உயரம், ஏறுகிறவர்கள் தடுக்கி விழுவார்கள் என்றார். எத்தனை வருஷமாக இப்படி எத்தனையைக் கழுகு பிடித்துக் கொடுத்தாரோ என்று முனகினார். அப்போது அவரைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. சத்தமில்லாமல் திருத்தி இன்னொன்று அனுப்பிவிடுங்கள், யார் கேட்கப்போகிறார்கள் என்றேன்.

"மரம் அறுக்க ஆரம்பிச்சிருந்தா? சொல்லித்தான் ஆகணும். இனிமே என் தப்புக்கு நான்தான்."

ஒப்பந்தக்காரரைப் போனில் கூப்பிட்டு, எழுந்து நின்றுதான் பேசினார். சுற்றி வளைக்கவில்லை. தப்பு என்னுடையது, சரிபார்க்காமல் அனுப்பிவிட்டேன் என்றார். மறுமுனையில் ஒப்பந்தக்காரர், தச்சரைக் கேட்டுவிட்டு வருகிறேன், இணைப்பிலேயே இருங்கள் என்றாராம். போனைப் பொத்திக்கொண்டு அதை என்னிடம் கிசுகிசுத்தார். மூன்று வீடுகள் அந்த இணைப்பில் தொங்கிக்கொண்டிருந்தன.

காதில் போனை வைத்தபடியே அவர் வலது காலை மெல்லத் தூக்கினார். வெறும் தரைக்கு மேலே, இல்லாத அந்தக் கடைசிப் படியைத் தேடுகிற மாதிரி, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று பாதத்தை உயர்த்திப் பார்த்தார். உடம்பு ஆடியது. நான் எழுந்துபோய்த் தோளைக் கொடுத்தேன். பிடித்துக்கொண்டார். காலை மட்டும் கீழே வைக்கவில்லை.