தொண்ணூற்றேழில் கொதிக்கும் தண்ணீர்

அன்று காலை நான் குக்கரின் மூடியைத் திறக்கப் போனேன். அடுப்பை அணைத்துக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. கூடத்தில் உட்கார்ந்து ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தவர், தலையைத் தூக்காமலே, "பொறு கனகா, ஆவி அடங்கட்டும்" என்றார். வெயிட்டை லேசாகத் தூக்கிப் பார்த்தேன். சீறியது. அது நின்ற பிறகு திறந்து, சோற்றையும் அவரைக்காய்ப் பொரியலையும் கேரியரில் அடைத்துக் கொடுத்தேன். நஞ்சன்கூடு பக்கம் ஒரு சாய மில்லுக்குப் போவதாகவும், வேலை சின்னதுதான், இருட்டுவதற்குள் வந்துவிடுவதாகவும் சொல்லிவிட்டு ஸ்கூட்டரை மிதித்தார்.

அவர் திரும்பவில்லை. அது தொண்ணூற்று மூன்றாம் வருடம், தீபாவளிக்கு முந்தைய வாரம்.

என் கணவர் கணேசன் கொள்ளேகாலத்துக்காரர். சோளமும் ராகியும் விளைகிற வீட்டில் பிறந்து இன்ஜினியரிங் படித்த முதல் ஆள். மைசூரு ஹெப்பாள் தொழிற்பேட்டையில் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை. அந்தக் கம்பெனி, மில்களில் சூட்டைக் கட்டுப்படுத்தும் பெட்டிகள் செய்தது. முன்பக்கம் சிவப்பு எண்கள் தெரியும். பின்பக்கத்திலிருந்து நீளமாக ஒரு சூட்டுக்கம்பி வரும். கம்பி உணர்வதைப் பெட்டி எண்ணாகக் காட்டும். எண் குறைந்தால் நீராவியைத் திறந்துவிடும், கூடினால் அடைக்கும். பெட்டிக்குள்ளே ஒரு சிப். அந்தச் சிப்புக்குள் இவர் எழுதிய புரோகிராம்.

எழுதியதை அப்படியே சிப்புக்குள் போட முடியாது. கம்பைலர் என்ற ஒன்று அதை இயந்திரத்தின் பாஷைக்கு மாற்றித் தர வேண்டும். அந்தக் கம்பைலரோடு, பெருக்கல் வகுத்தல் போன்ற கணக்குகளை முன்கூட்டியே எழுதிவைத்த லைப்ரரி ஒன்றும் வரும். எல்லாம் வெளிநாட்டிலிருந்து ஃபிளாப்பியில் வரும். இதையெல்லாம் எனக்குச் சொன்னவர் அவர்தான். சொல்வதற்கு வீட்டில் வேறு ஆள் இல்லை.

முதல் பெட்டியை எங்கள் விஜயநகர் வீட்டுச் சமையலறையில்தான் சோதித்தார். பால் காய்ச்சும் பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் கம்பியை அதில் விட்டார். பள்ளிக்கூடத்தில் நூறு என்றுதானே படித்தோம் என்றேன். "நூறெல்லாம் கடலோரத்துக்காரனுக்கு. மைசூரு மேட்டுல இருக்குது. இங்க தண்ணி தொண்ணூத்தேழுலயே கொதிச்சுரும்" என்றார்.

பெட்டி எண்பது வரை ஒழுங்காக ஏறியது. எண்பதைத் தொட்டதும் குபீரென்று நூற்றைந்துக்குத் தாவியது. தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது நூற்றிருபத்திரண்டு காட்டியது. தன் தப்பாகத்தான் இருக்கும் என்று பல நாள் தன் புரோகிராமையே துருவினார். கடைசியில் தப்பு அவருடையது அல்ல, லைப்ரரியின் பெருக்கலில் இருந்தது. குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் அது இருபத்தைந்து டிகிரி கூட்டிக் கொடுத்தது. அந்த இடத்தில் இருபத்தைந்தைக் கழிக்கும்படி இவர் ஒரு வரி எழுதிச் சேர்த்தார். மறுபடி பாத்திரம், மறுபடி தண்ணீர். தொண்ணூற்றேழு. அன்றைக்கு அந்தத் தண்ணீரிலேயே காபி போட்டோம். அந்த முதல் பெட்டி பிறகு எங்கள் அடுக்களை அலமாரியிலேயே தங்கிவிட்டது.

கம்பைலர் செய்தவர்களுக்கும் பிழையை விவரித்து எழுதினார். அடுத்த பதிப்பில் திருத்துகிறோம், நன்றி என்று பதில் வந்தது. சொன்னபடியே தசராவுக்கு முன்னால் புதிய பதிப்பு வந்தது. எதையெல்லாம் சரிசெய்திருக்கிறோம் என்று அச்சிட்ட தாளில் அவர் சொன்ன பிழையும் இருந்தது. பேர் போடவில்லை. ஆனாலும் அதை எனக்கு இரண்டு தரம் படித்துக் காட்டினார்.

ஆயுத பூஜையன்று லிங்கப்பன் எங்கள் வீட்டுக்கு ஒப்பட்டுப் போளி சாப்பிட வந்தான். அவன் ஹனூர்க்காரன், இவரைவிட இளையவன். அதே கம்பெனியில் வேலை வாங்கிக் கொடுத்ததும் இவர்தான். அறை கிடைக்கும் வரை நான்கைந்து மாதம் எங்கள் வீட்டில்தான் இருந்தான். அவனுக்கு ரசத்தில் பூண்டு ஆகாது என்பதால் நான் தனியாகத் தாளித்து வைப்பேன்.

மறுநாள் விஜயதசமி. கம்பெனி முதலாளி கிருஷ்ணஸ்வாமி புதிய ஃபிளாப்பிகளுக்கும் குங்குமம் வைத்துச் சாமுண்டி படத்துக்கு முன்னால் வைத்திருந்தார். புதியது எதுவானாலும் விஜயதசமியில் தொடங்க வேண்டும் என்பது அவர் வழக்கம். நாங்களோ அன்று கொள்ளேகாலத்துக்குப் போவதாக இருந்தோம். ஆகவே இவர் லிங்கப்பனிடம் சொன்னார். புதியதைக் கம்ப்யூட்டரில் ஏற்றட்டும், நல்ல நாளுக்காகச் சின்னதாக எதையாவது ஓட்டிப் பார்க்கட்டும், ஆனால் நம் பெட்டியின் புரோகிராமை மட்டும் அதில் கம்பைல் செய்யக் கூடாது. அவர்கள் பிழையைத் திருத்திவிட்டார்கள். நம் கழித்தல் இன்னும் உள்ளே இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் பெட்டி இருபத்தைந்து குறைத்துக் காட்டும், சூடு போதவில்லை என்று நினைத்து மேலும் மேலும் காய்ச்சும். தான் வந்து அந்த வரியை எடுத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

"அண்ணா, இதோட நாலு தடவ சொல்லிட்டீங்க" என்றான் லிங்கப்பன். "வேணும்னா நெத்தியில எழுதீட்டுப் போறனுங்க."

"எழுதிக்க. ஆனா கண்ணாடி பாக்கறவன்தான நீயி, திருப்பிப் படிச்சுப்புடாத" என்றார் இவர். மூவரும் சிரித்தோம்.

இரண்டு வாரம் கழித்து, அந்தச் சாய மில்லிலிருந்து புகார் வந்தது. விஜயதசமியன்று அனுப்பிய பெட்டி அங்கே இருந்தது. துணி கருகினமாதிரி வருகிறது, சாயம் திட்டுத் திட்டாகப் பிடிக்கிறது என்றார்கள். இவருக்கு உடனே சந்தேகம் கம்பைலர் மேல்தான். அது ஞாயிற்றுக்கிழமை. லிங்கப்பன் வழக்கம்போல் வந்து சமையலறை வாசல் பக்கம் முக்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். இவர் நேராகவே கேட்டார், மில்லுக்குப் போன சிப் எதில் கம்பைல் செய்தது என்று.

"பழசுலதானுங்கண்ணா" என்றான்.

இவர் முகம் தெளிந்தது. அப்படியானால் பெட்டி காட்டும் எண் சரி, நீராவி வால்வுதான் ஒழுகுகிறது, நாளைக்கே போய்ப் பார்த்துவிடுகிறேன் என்றார். தானே போவதாக லிங்கப்பன் சொன்னான். வால்வு வேலை உனக்குத் தெரியாது என்று இவர் தடுத்துவிட்டார். அவன் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனான்.

மறுநாள் மில்லில் நடந்ததை மில்லில் வேலை செய்யும் சித்தையன் என்பவர் பிறகு வந்து சொன்னார். சாயத்தொட்டி, மூடிய பெரிய இரும்புப் பாத்திரம். அதன் அழுத்தத்தைக் காட்டும் முள் வெகு நாளாகவே பழுது. எல்லோரும் எங்கள் பெட்டியைத்தான் நம்பினார்கள். எண்பதுக்குக் கீழே இறங்கினால்தான் மூடியின் பூட்டு விடும். ஆவி எங்கே ஒழுகுகிறது என்று உள்ளே பார்ப்பதற்காக, தொட்டி ஆறும் வரை இவர் காத்திருந்தாராம். இன்னும் கொஞ்சம் ஆறட்டுமே சார் என்று சித்தையன் சொன்னதற்கு, எழுபத்தெட்டு காட்டுது, போதும் என்றாராம். உள்ளே நூறைத் தாண்டியிருந்தது. மூடியை விலக்கியவுடன் அடங்காத ஆவி கொதிநீரோடு அவர் மேல் பாய்ந்ததாம்.

சித்தையன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். வாசல் வரை போய் வழியனுப்பினேன்.

விசாரணைக்கு அரசாங்க அதிகாரி ஒருவர் வந்தார். காரியமெல்லாம் முடிந்த பிறகு கிருஷ்ணஸ்வாமி வீட்டுக்கு வந்து, அதிகாரி என்ன முடிவுக்கு வந்தார் என்று மெதுவாகச் சொன்னார். புரோகிராமில் காரணமில்லாமல் இருபத்தைந்தைக் கழிக்கும் ஒரு வரி இருந்தது. எழுதியவர் கணேசன். கம்பைலர் பழையதுதான், அதில் எந்த மாற்றமும் இல்லை. அப்படி ஒரு வரி இருப்பதே தனக்குத் தெரியாது என்று லிங்கப்பன் சொல்லியிருக்கிறான். ஆக, கணேசன் தன் தப்புக் கணக்கால் தானே போனார். "விதிம்மா. சும்னே மனசக் கெடுத்துக்காதீங்க" என்றார்.

அவர் போன பிறகு அலமாரியில் இருந்த பெட்டியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அதே கழித்தல், அதே பழைய கம்பைலர். என் கண்ணெதிரே அது சரியாகக் காட்டியது. மில்லில் இருந்த பெட்டியும் பழையதில் செய்ததென்றால் அதுவும் சரியாகக் காட்டியிருக்க வேண்டும்.

லிங்கப்பனுக்குச் சொல்லி அனுப்பினேன். அவருடைய கேரியரை வாங்கிக்கொள்ள வேண்டும், அதோடு அவர் கடைசியாகக் கை வைத்த பெட்டியை ஒரு தரம் பார்க்க வேண்டும் என்று. மில்லிலிருந்து திரும்பி வந்த அந்தப் பெட்டியை மறுநாளே ஒரு பையில் போட்டு எடுத்துவந்தான். முகம் வற்றிப்போயிருந்தது. அழுதான். நான் டீ கொடுத்தேன். பிறகு பால் பாத்திரத்தில் தண்ணீர் வைத்து அடுப்பைப் பற்றவைத்தேன். இரண்டு பெட்டிகளையும் மேடையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டு கம்பிகளையும் ஒரே பாத்திரத்தில் விட்டேன். நான் என்ன செய்கிறேன் என்று அவனுக்குப் புரிய நேரமாகவில்லை. தடுக்கவும் இல்லை.

இரண்டும் ஒன்றாகவே ஏறின. அறுபது, எழுபது, எழுபத்தொன்பது. எண்பதில் எங்கள் பெட்டி எண்பது என்றது. மில் பெட்டி ஐம்பத்தைந்துக்கு விழுந்தது. தண்ணீர் கொதித்தது. ஒன்றில் தொண்ணூற்றேழு, மற்றதில் எழுபத்திரண்டு.

"பழசுலதான்னு இதே எடத்துல உக்காந்து சொன்னயே தம்பி" என்றேன்.

அவன் டம்ளரைக் கீழே வைத்தான். "சாரு தேங்காயும் கையுமா நின்னுட்டாருங்க்கா. புதுசுல மொதச் சரக்கு மில்லுக்குப் போறதா இருக்கட்டும், நல்ல நாளுன்னாரு. என்னால மறுத்துப் பேச முடீலீங்க."

"அவரு கேட்டப்பச் சொல்லியிருக்கலாமல்லோ?"

"திட்டுவாருன்னு பயந்துட்டனுங்க. ஒரு நா நானே போயிச் சிப்ப மாத்தீரலாம்னு இருந்தேன். அண்ணன் அடுத்த நாளே கெளம்புவாருன்னு நெனைக்கலீங்க்கா."

"சரி. அதிகாரிகிட்ட?"

"புதுசு சரியா ஓடல, பழசுலயே செஞ்சு அனுப்பீட்டேன்னு சாருகிட்டயும் அதிகாரிகிட்டயும் சொல்லிட்டனுங்க்கா."

எனக்கு வேண்டியது ஒன்றுதான் என்றேன். நாளைக்கு முதலாளியிடமும் அதிகாரியிடமும் இதைச் சொல்ல வேண்டும். அவர் பேரில் இருக்கிற தப்பை எடுக்க வேண்டும். சொல்கிறேன் என்றான். என் காலைத் தொட்டுச் சொன்னான். மில் பெட்டியைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனான். நான் போக விட்டேன். அன்றும் அவனை நம்பினேன்.

இரண்டு நாள் பொறுத்து ஹெப்பாளுக்குப் பஸ் ஏறினேன். எங்கள் பழைய பெட்டியையும் கூடையில் எடுத்துப் போனேன். கிருஷ்ணஸ்வாமி எழுந்து நின்று நாற்காலி போட்டார். லிங்கப்பன் வந்து எல்லாம் சொல்லியிருப்பானே என்றேன். அவர் விழித்தார். நான் சமையலறையில் பார்த்ததைச் சொன்னேன். மில் பெட்டியைக் கொண்டுவரச் சொல்லி, அதில் மின்சாரம் கொடுத்துப் பார்த்தார். எண்ணே வரவில்லை. அந்தச் சிப்பின் மேலே சின்னக் கண்ணாடி வைத்திருக்கும். ஊதா விளக்கின் கீழே கொஞ்ச நேரம் வைத்தால் உள்ளே எழுதியது அத்தனையும் அழிந்துபோகும் என்று இவர் எனக்குச் சொல்லியிருக்கிறார். அழித்த சிப்பை மறுபடி பயன்படுத்துவது கம்பெனி வழக்கம்தான் என்றார் கிருஷ்ணஸ்வாமி. என் கூடையில் இருந்த பெட்டியைக் காட்டினேன். அது வேற சிப்பும்மா என்றார்.

லிங்கப்பனைக் கூப்பிட்டார். அவன் வந்து நின்றான். இந்தப் பெட்டியை நீ அவர் வீட்டுக்கு எடுத்துப் போனாயா என்று கேட்டார்.

அவன் என்னைப் பார்த்தே சொன்னான். நான் அவனுக்குத் தட்டில் சோறு போடும்போது பார்ப்பானே, அதே மாதிரி பார்த்துக்கொண்டு.

"இல்லீங்க சார். கேரியரு குடுக்கத்தான் போனேன். அக்கா மனசு கொழம்பிப் போயிருக்காங்க."

கிருஷ்ணஸ்வாமி எனக்குத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். நான் குடிக்கவில்லை. கூடையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். பஸ் ஸ்டாப் வரை யாரோ துணைக்கு வந்தார்கள், யார் என்று நினைவில்லை.

அதன் பிறகு கம்பெனி அந்த ஒரு வரியை எடுத்துவிட்டுப் புதிய கம்பைலரிலேயே எல்லாப் பெட்டிகளையும் மறுபடி செய்தது. சரியாகத்தான் வேலை செய்கின்றன என்று கேள்வி. பெட்டி வாங்கியவர்களிடம், முன்பு இருந்த இன்ஜினியர் செய்த பிழை திருத்தப்பட்டது என்று சொன்னார்களாம். வெளிநாட்டிலிருந்து வருஷம் தவறாமல் புதிய பதிப்பு வருகிறது, புதிய திருத்தங்கள் வருகின்றன, விஜயதசமியில் குங்குமம் வைக்கிறார்கள். லிங்கப்பன் கல்யாணம் செய்துகொண்டு பெங்களூருக்குப் போய்விட்டான். பத்திரிகை எனக்கும் வந்தது. மேலே தன் கையாலேயே அக்கா என்று எழுதியிருந்தான்.

ஐந்து வருடம் ஆகிறது. நான் இன்னும் அதே விஜயநகர் வீட்டில்தான் இருக்கிறேன். சில நாள் காலையில் காபிக்குத் தண்ணீர் வைக்கும்போது அலமாரியிலிருந்து பெட்டியை இறக்கிக் கம்பியை உள்ளே விடுவேன். எழுபத்தொன்பது, எண்பது, எண்பத்தொன்று என்று தடங்கல் இல்லாமல் ஏறும். பிறகு தண்ணீர் கொதிக்கும். தொண்ணூற்றேழு.