வயர்லெஸ்ஸில் வந்த நீளப் பாட்டு

என் வீட்டுக்காரருக்குக் குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. இருக்கிற ஒரே கெட்ட பழக்கம் வெள்ளைக்காரன் பாட்டு. பிள்ளைகள் டான்ஸ் ஆடுகிற மாதிரிப் பாட்டாக இருந்தாலாவது பொறுத்துக்கொள்வேன். இது வேறு ரகம். ராக் என்பார். அரிசியைக் களைந்து உலையில் போட்டால், சோறு பாதி வேகிற வரைக்கும் பாடுகிறவன் வாயையே திறக்க மாட்டான். அதுவரைக்கும் யாரோ ஆர்மோனியத்தை அமுக்கிப் பிடித்தபடியே தூங்கிப்போன மாதிரி ஒரு சத்தம் மட்டும் வந்துகொண்டிருக்கும். முழுப் பாட்டும் முடிவதற்குள் சோறு, குழம்பு, பொரியல் எல்லாமே ஆகிவிடும்.

எல்லாம் காரைக்காலில் இருக்கிற சிமோன் சார் செய்த உபயம். பிரான்சில் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு ஊர் திரும்பியவர். கடலுக்குப் போகாத ஒரு நாளில் அவர் வீட்டு ஜெனரேட்டரைப் பழுது பார்க்கப் போன இவர், அங்கே ஓடிக்கொண்டிருந்த பாட்டைக் கேட்டு, ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டாராம். அன்றைக்கே போனில் ஏற்றிக்கொண்டு வந்தார்.

"அம்பது வருசத்துக்கு முன்னாடி போட்டது செல்லம். இன்னிக்கு நம்ம சினிமாவுல கிடாரு அழுவுது பாரு, அதுக்கெல்லாம் அப்பன் இதுதான்" என்றார்.

"அப்பனை அங்கயே விட்டுட்டு வர வேண்டியதுதான?" என்றேன்.

கோபித்துக்கொள்ளவில்லை. சாயங்காலமானால் கண்ணை மூடிக்கொண்டு படுத்துவிடுவார். நான் திட்டத் திட்ட, "அவசரப்படாத, இப்பதான் மெதுவா ஏறுது" என்பார். பாத்திரத்தை நங்கென்று வைத்தாலும் அசைய மாட்டார். என்ன ஜென்மமோ!

கோட்டுச்சேரிமேட்டில் எங்கள் ஆட்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கடலில் வலையை விட்டுவிட்டுக் காத்திருக்கும் நேரத்தில், ஒவ்வொரு படகும் முறை வைத்து வயர்லெஸ் செட்டில் ஒரு பாட்டுப் போடும். மைக் பொத்தானை அமுக்கிக்கொண்டு போனைப் பக்கத்தில் பிடித்தால் எல்லாப் படகுக்கும் கேட்கும். இவர் முறை வரும்போது மட்டும் தகராறு. பாட்டு ஆரம்பித்து நெடுநேரம் ஆகியும் யாரும் பாடியிருக்க மாட்டார்கள். இவருக்குக் கட்டைவிரல் வலிக்கும். கொஞ்சம் விரலை எடுத்தால் போதும், "யோவ், நிறுத்துய்யா!" என்று பத்துப் படகிலிருந்து சத்தம் வரும். அந்தப் பாட்டு கடலில் ஒரு நாளும் பாதியைத் தாண்டியதில்லை. அது அவருக்குப் பெரிய மனக்குறை.

அன்றைக்கு விடியற்காலையில் சாம்பார்ப் பொடிப் பொட்டலத்தில் இருந்த ரப்பர் பேண்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. கூடத் தொழிலுக்குப் போகிற ராஜாவும் அவரும் ஒரே படகில் தெற்கே போனார்கள்.

வெயில் ஏறின நேரம். ஏலக்கூடத்தில் மீனுக்குக் காத்திருந்தோம். அய்யனார் மாமா போனைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். ஊருக்கு மூத்த படகோட்டி. கரையில் இருக்கிற செட்டு அவர் பொறுப்பு.

"சூறைக்காத்து வருதாம்! எல்லாப் படகையும் உடனே திரும்பச் சொல்றாங்க."

கரை செட்டைப் போட்டார். அதிலிருந்து ஆர்மோனியம் வந்தது.

"மாமா, இது இவரு பாட்டு."

"கலைவாணன் பட்டனை அமுக்கிட்டிருக்கான். அமுக்குற வரைக்கும் நாம பேசுறது அவன் காதுல விழாது. கை வலிச்சு விடட்டும், பிடிச்சுக்கலாம்."

கை வலிக்கப் போவதில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. ரப்பர் பேண்டு! பாவி மனுஷன் பொத்தானில் அதைச் சுற்றிவிட்டு இரண்டு கையையும் வீசிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். மாமாவிடம் சொன்னேன். அவர் முகம் செத்துப்போனது.

மற்ற படகுக்காரர்கள் இந்த இரைச்சல் பொறுக்காமல் ஏற்கெனவே வேறு சேனலுக்கு மாறியிருந்தார்கள். மாமா இடுப்பில் இருந்த சின்ன செட்டில் அவர்களைப் பிடித்துத் திரும்பச் சொன்னார். ஒவ்வொருவராகத் திரும்பிவிட்டதாகச் சொன்னார்கள். எங்கள் படகு எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மேல்காற்று படகைக் கரைக்குக் கொண்டுவராது, வெளியே தள்ளிக்கொண்டு போகும். அங்கே போனும் எடுக்காது.

ராஜா பெண்டாட்டி வினிதா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். முழுகாமல் இருக்கிறவள். "அந்தச் சனியன் பாட்டை நிறுத்துங்களேன் அக்கா, கேக்க முடியல" என்று செட்டின் குமிழைத் திருகப் போனாள். அவள் கையைத் தட்டிவிட்டேன்.

"தொடாத! அது ஓடுற வரைக்கும் அவங்க மெதக்குறாங்க."

சொன்ன பிறகுதான் எனக்கே அதன் அர்த்தம் புரிந்தது. செட்டோடு காதை வைத்துக்கொண்டேன். இத்தனை நாள் மொத்தமாக இரைச்சலாய் விழுந்தது அன்றைக்கு ஒவ்வொன்றாகப் பிரிந்து கேட்டது. ஆர்மோனியத்துக்கு அடியில் ஒருத்தன் தாளம் தட்டுகிறான். அந்தத் தாளம் நேராக நடக்காமல் ஒரு அடி நொண்டுகிறது. அதன் மேல் கிடார் ஏறுகிறது, இறங்குகிறது, எங்கோ போய்த் திரும்பி வருகிறது. விட்டுப்போய்விடுமோ என்று ஒவ்வொரு முறையும் பயமாக இருந்தது. திரும்பி வந்ததும் மூச்சு வந்தது.

பாடுகிறவன் பாட ஆரம்பித்தான். இதற்குப் பிறகு என்ன வரும் என்று யோசித்தேன். சட்டென்று பிடிபட்டது.

"மாமா, சோறு வடிக்கிற நேரத்துக்கு இதுல ஒரு எடம் வரும். எல்லா மேளமும் அடங்கிப்போயி ஒத்தைப் புல்லாங்குழல் மட்டும் கேக்கும். அப்ப படகுல பேசுறது நமக்குக் காதுல விழும்."

"நெசமாவா புள்ள?"

"தெனமும் கேட்டுத் தொலைக்கிறேனே!"

மாமா அதட்டியதில் கூடம் முழுக்க வாயை மூடிக்கொண்டது. கூடைக்காரிகள், ஐஸ் உடைக்கிறவன், ஏலக்காரர் எல்லோரும் செட்டைச் சுற்றி வந்து நின்றார்கள். பாடினவன் நிறுத்தினான். மேளம் விலகியது. கிடார் விலகியது. புல்லாங்குழல் வந்தது. அதற்குப் பின்னால் படகின் பக்கவாட்டில் தண்ணீர் அடிக்கிற சத்தம். இஞ்சின் சத்தம் இல்லை. ராஜாவின் குரல் கேட்டது.

"அண்ணே, கரிக்கப்பல்ல நங்கூரத்தைத் தூக்குறான் பாரு. என்னவாம்?"

"சத்தம் போடாதடா. இந்த எடம் நல்லாருக்கும், கேளு."

வினிதா வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. சண்டாளா!

"துறைமுகத்துக்கு வெளிய நிக்கிற நிலக்கரிக் கப்பல்! ஒண்ணுதான் நிக்குது" என்று மாமா கத்திக்கொண்டே சின்ன செட்டைத் தூக்கினார். "எழிலா, நீ எங்கடா இருக்க? கரிக்கப்பல் பக்கம் கலைவாணன் நிக்கிறான். போயி இழுத்துட்டு வா."

"பாதி தூரம் வந்துட்டேன் சித்தப்பா. சரி, திருப்புறேன். அண்ணிய அழ வேணாம்னு சொல்லுங்க" என்றான், கரைக்கு வந்துகொண்டிருந்த படகிலிருந்து எழிலன்.

நான் அழவில்லை. செட்டை விடவில்லை. புல்லாங்குழல் போய் மேளம் மறுபடி எழுந்தது. கிடார் அழ ஆரம்பித்தது. காற்று வந்துவிட்டது. மணல் முகத்தில் அடித்தது, கூடத்துத் தகரம் படபடத்தது. கடல் பக்கம் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. 'ஓடு, ஓடு, முடிஞ்சிடாத' என்று அந்தப் பாட்டைக் கெஞ்சினேன். சாமியைக்கூட அப்படிக் கெஞ்சியதில்லை.

பாட்டு நின்றது.

முடிந்து நிற்கவில்லை. நடுவில் அறுந்து நின்றது. இன்னும் எவ்வளவோ பாக்கி இருக்கிறது என்று எனக்குத் தெரியும். செட்டில் வெறும் இரைச்சல். வினிதா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "போடுங்க, பாட்டைப் போடுங்க!" என்று நான் செட்டைப் பிடித்து உலுக்கினேன். மாமா என் தோளைப் பிடித்து இழுத்தார். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

அப்புறம் செட்டு கரகரத்தது.

"கரையில யாரு? செல்லம் இருக்காளா?"

மைக்கை நானே பிடுங்கினேன்.

"எழிலன் வந்து கத்துறான், பெருங்காத்து வருதாம்ல. வலையை அறுத்து விட்டுட்டுக் கெளம்பிட்டோம். அவன் பக்கத்துலயே வர்றான், பயப்படாத. ராஜா நல்லாருக்கான், வினிதாகிட்ட சொல்லு."

மாமா மைக்குக்குக் கை நீட்டினார். "குடு புள்ள, அவன நாலு கேள்வி கேக்கணும்." என்னிடம் நானூறு இருந்தது. பொத்தானை அமுக்கப் போனேன். அதற்குள் அவர் குரல் மறுபடி வந்தது. காற்றுக்கு நடுவில், கொஞ்சம் வெட்கப்பட்டுக்கொண்டு.

"செல்லம், இன்னிக்குத்தான் இவ்வளவு தூரம் ஓடுச்சு. ஒருத்தன்கூடக் குறுக்க பேசல, பாத்தியா? எல்லாரும் அமைதியா கேட்டாங்க. புடிச்சிருந்துதாமா?"

கூடமே என்னைப் பார்த்தது. மாமா நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். வினிதா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றாள்.

பொத்தானை அமுக்கினேன்.

"ஆமாங்க. ஊரே நின்னு கேட்டுச்சு. மூச்சு விடாமக் கேட்டோம். நீங்க வாங்க."