பேச அனுமதி

ஆல்டன் திபோ பேசுவதில் யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று கூட்டத் தலைவர் மெரில் கேட்டார். பள்ளி ஹாலில் நடக்கும் மார்ச் மாத ஊர்க்கூட்டத்தில் வேற்றூர்க்காரர் பேச வேண்டுமானால் ஊர் சம்மதிக்க வேண்டும். மாநிலச் சட்டமன்றத்தில் ஆல்டன் இந்த ஊருக்கும் சேர்த்துத்தான் உறுப்பினர். வீடு மட்டும் பக்கத்து ஊரில். ஆறு தேர்தல் ஜெயித்தவர். ஒவ்வோர் ஆண்டும் மெரில் கேட்டு முடிப்பதற்குள் ஒலிவாங்கிக்குப் பாதி தூரம் நடந்திருப்பார். இன்றும் எழுந்துவிட்டார்.

"இருக்கு," என்றாள் பள்ளிச் சமையல்காரி டெல்பின், பின்னாலிருந்து, கையில் கரண்டியோடு.

"விளையாடுறியா டெல்பின்?" என்றார் மெரில்.

"சூப் அடிப்பிடிக்கப் போவுது, விளையாட எனக்கேது நேரம்? இந்த ஸ்கூலை மூட விடமாட்டேன்னு இதே ஹால்ல நின்னு சொன்னாரு. ரெண்டு கிண்ணம் சூப்பும் குடிச்சாரு. சட்டமன்றத்துக்குப் போயி மூடலாம்னு ஓட்டுப் போட்டுட்டாரு. அவங்க ஊரு ஸ்கூல் மட்டும் பத்திரமா இருக்கு!"

யாரோ சிரித்தார்கள். உட்காருவதா நிற்பதா என்று ஆல்டனுக்குத் தெரியவில்லை. உங்கள் ஊர்ப் பள்ளியைத் தொடமாட்டோம் என்று கட்சித் தலைவர் தோளில் கைவைத்துச் சொன்னதும், வாக்கெடுப்பில் பெயரைக் கூப்பிட்டபோது தான் தயங்காமல் "ஆம்" என்றதும் இவர்களுக்கு எப்படித் தெரிந்தது?

சம்மதிப்பவர்களை எழச் சொன்னார் மெரில். பாதிக்கு மேல் எழுந்தார்கள், மரியாதைக்கு. அவர்கள் உட்கார்ந்ததும் மறுப்பவர்களை எழச் சொன்னார். மடியிலிருந்த பின்னலை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்தவர்களில் கோராவும் ஒருத்தி. ஆல்டனின் அக்கா, இந்த ஊரில் வாழ்க்கைப்பட்டவள். காலையில் அவள் வீட்டில்தான் அப்பமும் மேப்பிள் பாகும் சாப்பிட்டார். அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. உடம்பு சரியில்லை போலும் என்று நினைத்துக்கொண்டார்.

"கோரா, தம்பிக்கு எதிராவா?" என்றார் மெரில்.

"எண்ணு மெரில். உன் வேலை அதுதானே."

எண்ணினார். "அனுமதி கிடைச்சிருச்சு. பேசுங்க ஆல்டன்."

இதற்கு வெளியே போகச் சொல்லியிருக்கலாம் என்று ஆல்டனுக்குத் தோன்றியது. சாலைச் செலவைப் பற்றித் தயாரித்த பேச்சு சட்டைப்பையில் இருந்தது. அதை எடுக்காமலே முன்னால் போனார். மறுத்து எழுந்து நின்றவர்கள் உட்காரவில்லை. மெரில் கையமர்த்தியும் உட்காரவில்லை. ஒலிவாங்கியைப் பள்ளிப் பிள்ளைகளின் உயரத்துக்கு இறக்கி வைத்திருந்தார்கள். குனிந்தார். குனிந்த கண்ணுக்கு அவர்களுடைய சேறு படிந்த பூட்சுகள் மட்டுமே தெரிந்தன. கோராவுடையது எது என்று தேடினார். ஒன்றும் அசையவில்லை.