வெனிஸில் பத்தடி முன்னால்

புகை அலாரம் வீட்டையே பிளந்துவிடுவதுபோல் அலறியது.

எண்ணெய்ச் சட்டியில் கடைசி ஆறு றோல்ஸும் கருகிக்கொண்டிருந்தன. நிலானி அடுப்பை அணைத்தாள். கதிரையை இழுத்துப் போட்டு ஏறி, கூரையில் ஒட்டியிருந்த அந்த வெள்ளை வட்டத்தை ஈரத் துணியால் விசிறினாள்.

“நிலானி! அதை ஒருக்கா நிப்பாட்டும். இஞ்ச கதைக்கிறது ஒண்டும் கேக்கேல்லை!”

ஹாலிலிருந்து குரல் வந்தது. ஆள் வரவில்லை. இருபது வருடக் குடித்தனத்தில் மகேசனிடமிருந்து அடுக்களைக்கு வந்ததெல்லாம் குரல் மட்டும்தான். வீடு எரிந்தாலும் அந்த மனிதர் சோபாவில் இருந்தபடி தீயணைக்க வழி சொல்வார்.

ஆக்லாந்தின் மவுண்ட் ஆல்பர்ட் பகுதியில் அந்தப் பழைய மரவீட்டில் அன்றைக்கு வெனிஸ் வீடியோ காட்சி. ஞாயிறு பின்னேரம். விருந்தாளிகள் மூன்று பேர். யாழ்ப்பாணத்தில் கணக்கு மாஸ்டராக இருந்த நவரத்தினம், அவர் மனைவி ரதிதேவி, நிலானியோடு மருந்துக்கடையில் வேலை செய்யும் மலேசியப் பெண் யுவனேஸ்வரி. கல்யாணமாகி இருபதாவது வருடத்துக்கு மனைவியை இத்தாலிக்குக் கூட்டிப் போன கணவர் ஆக்லாந்துத் தமிழருக்குள் வேறு யாரும் இல்லை என்று மகேசன் ஒரு மாதமாகத் தொலைபேசியில் அறிவித்துக்கொண்டிருந்தார். அதை நேரில் பார்க்கத்தான் இவர்கள் வந்திருந்தார்கள்.

நிலானி கதிரையிலிருந்து இறங்கியபோது கண் பிரிட்ஜ் கதவில் போய் நின்றது. வெனிஸில் வாங்கிய படகு காந்தத்துக்குக் கீழே தூரத்து டனீடன் நகரத்துப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த கடிதம் தொங்கியது. எட்டு மாதப் படிப்பு. ஊரில் பார்மசிஸ்டாக இருந்தவள், இங்கே ஆறு வருடமாகக் கடையின் பின்னறையில் போத்தல்களுக்கு லேபல் ஒட்டுகிறாள். அந்த எட்டு மாதத்தை முடித்தால் திரும்பவும் பார்மசிஸ்ட். வருகிறாளா இல்லையா என்ற பதில் நாளைக்குத் தபாலில் போட்டாக வேண்டும்.

போகாதே என்று மகேசன் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை பிடித்திருக்கலாம். “நீர் இல்லாமல் என்னால ஒரு மணித்தியாலம் இருக்கேலாது. வாரும், வெனிஸுக்குப் போவம்” என்றார். அன்பு காட்டுகிற மனிதரோடு எப்படிச் சண்டை பிடிப்பது? சண்டை பிடித்தால் ஊரே அவர் பக்கம் நிற்கும்.

தட்டோடு ஹாலுக்குப் போனாள். கறுத்த றோல்ஸை அடியில் வைத்திருந்தாள். மகேசன் மேலே இருந்த நல்லதைத் தேடி எடுத்துக்கொண்டார்.

“படிப்பு என்ன படிப்பு, மாஸ்டர்? எனக்கு இவ இல்லாமல் ஒரு மணித்தியாலம் இருக்கேலாது. அதைத்தான் சொன்னனான்.”

“கேட்டியளே, கேட்டியளே!” ரதிதேவி கணவரின் தொடையில் தட்டினாள். “என்னை ஒனேகுங்கா மார்க்கெட்டுக்குக் கூட்டிப் போகச் சொன்னால் முதுகு நோகுதெண்டுவார். பிள்ளை நிலானி, நீ குடுத்து வைச்சனி.”

“முதுகு உண்மையா நோகுதப்பா,” என்றார் நவரத்தினம், றோலை மென்றபடி.

வீடியோ ஓடத் தொடங்கியது. கால்வாய், படகு, புறா. அதற்கு மேலே மகேசனின் குரல். “நிலானி, இதுதான் பேர்போன பாலம். நிலானி, இந்தத் தூணைப் பாரும்.” கையில் வழிகாட்டிப் புத்தகத்தை வைத்துக்கொண்டு வரி தவறாமல் வாசித்திருந்தார். வெனிஸ் மூழ்குவதற்குத் தண்ணீர் தேவையில்லை, இந்தப் பேச்சே போதும் என்று நிலானி அங்கேயே நினைத்திருந்தாள்.

மகேசனுக்கு ஒரு பழக்கம். தெருவில் மனைவிக்குப் பத்தடி முன்னால்தான் நடப்பார். யாழ்ப்பாணத்திலும் அப்படித்தான், ஆக்லாந்திலும் அப்படித்தான். முன்னால் பார்த்தபடி பேசிக்கொண்டு போவார். பின்னால் வருபவள் கேட்டுக்கொண்டு வருவாள் என்பதில் அவருக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை.

திரையில் ஒரு கடை வாசல் வந்தது. நீலப் பருத்திச் சேலையோடு நிலானி கண்ணாடி மணிமாலைகளைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மூலையில் கேமராவின் மணிக்கூடு 11:05 என்று காட்டியது. பிறகு கேமரா திரும்பி நடக்கத் தொடங்கியது.

அதற்குப் பிறகு நடந்தது நிலானிக்கு மட்டுமே தெரியும். தலை நிமிர்ந்தபோது முன்னால் அந்த முதுகு இல்லை. ஒருமுறை கூப்பிட்டாள். பாலத்தடியில் கால் மணி நேரம் நின்றாள். திரும்பி வரமாட்டார் என்று உறைத்தது, ஏனென்றால் அவர் திரும்பிப் பார்க்கவே மாட்டார். பயப்பட வேண்டும் என்று நினைத்தாள். பயம் வருவதற்குப் பதிலாகப் பசி வந்தது. கால்வாய்ப் படியில் உட்கார்ந்து, பையில் இருந்த பாணும் சம்பலும் பார்சலைப் பிரித்துத் தன் பங்கைச் சாப்பிட்டாள். பிறகு அவர் பங்கையும் சாப்பிட்டாள். ஒரு பெரிய படகில் ஏறிக் கடைசித் துறைவரை போய், அதே படகில் திரும்பி வந்தாள். முகத்தில் காற்றடித்தது. அது என்ன காற்று என்று யாரும் விளக்கவில்லை. அந்தப் பயணத்திலேயே அவளுக்கு இனித்தது அவ்வளவுதான்.

ஹோட்டலுக்கு வந்தபோது மகேசன் கட்டிலில் இருந்தார். “எங்க துலைஞ்சனீர்? பசியில செத்துப்போனன்!” அதோடு அந்த விஷயம் முடிந்தது. அவரைப் பொறுத்தவரை அவள் தொலைந்தது ஏதோ பத்து நிமிடம்.

வீடு திரும்பியபின் வீடியோவின் முதல் கால் மணி நேரத்தை மட்டும் மகேசன் தன் குரலுக்காக நாலு தரம் போட்டுப் பார்த்திருந்தார். முழுவதும் பார்த்தவள் நிலானி, போன வியாழக்கிழமை, தனியாக.

திரையில் 12:20. “நிலானி, இந்த மணிக்கோபுரத்தின்ர உயரம்...” 1:35. “நிலானி, இது பழைய மருத்துவமனை, விளங்குதோ?”

யுவனேஸ்வரி முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். “அக்கா, ஏன் நீங்க ஒண்ணுமே பேச மாட்டேங்கிறீங்க? ஒரு ‘ம்’ கூட காணோமே?”

“இவ அப்பிடித்தான், வெக்கம்,” என்றார் மகேசன். சொல்லும்போதே ஏதோ நினைவுக்கு வந்தவராகக் கைநீட்டினார். “காணும், பாத்தது காணும். தேத்தண்ணி குடிப்பம். அந்த ரிமோட் எங்க?”

ரிமோட் நிலானியின் மடியில் இருந்தது.

“இருங்கோ, இனித்தான் நல்ல கட்டம்,” என்றாள்.

2:50. ஒடுங்கிய சந்து. மகேசனின் குரல் வீடெங்கும் கேட்டது. “நிலானி, அந்தப் பாண் பார்சலை எடும், பசிக்குது.” சத்தமில்லை. “நிலானி, பாண்!” கேமரா மெல்லத் திரும்பியது. சந்தில் ஒரு புறா நின்றது. “நிலானி?” பிறகு கல்லுத் தரை ஆடியது, சப்பாத்துகள் ஓடின, திரை கறுத்தது.



“பதினொண்டு அஞ்சு... ரெண்டு அம்பது...” நவரத்தினத்தின் வாய் தன்பாட்டில் கணக்குப் பார்த்தது. “மூண்டே முக்கால் மணித்தியாலம்.” ரதிதேவி கிள்ளியது பிந்திவிட்டது.

“கமரா மணிக்கூடு பிழை, மாஸ்டர்,” என்று மகேசன் சிரித்தார். கூடச் சிரிக்க ஆளில்லாமல் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. “இவ பின்னால நிண்டவ. நான் எவ்வளவு தவிச்சனான் எண்டு இவவைக் கேளுங்கோ.”

நிலானி எழுந்து அடுக்களைக்குப் போனாள். படகு காந்தத்தைக் கழற்றி, கடிதத்தோடு திரும்பி வந்தாள். மகேசனின் சட்டைப் பையிலிருந்தே பேனாவை எடுத்து, வருகிறேன் என்ற கட்டத்தில் கோடு போட்டு, கையெழுத்து வைத்து, அஞ்சல் பெட்டியில் போடச் சொல்லி யுவனேஸ்வரியிடம் கொடுத்தாள். பிறகு கணவரைப் பார்த்து, றோல்ஸ் வேண்டுமா என்று கேட்கிற அதே குரலில் சொன்னாள்:

“எட்டு மாசத்துக்கும் சமைச்சு ஃப்ரீசருக்குள்ள வைச்சிட்டுப் போறன், நான் இல்லையெண்டது உங்களுக்குத் தெரியவே வராது.”